அக்குளில் விட்ட அரை அங்குலம்

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்குத் தம்பி பணிவுடன் எழுதுவது.

இங்கே நான் நலம். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு எழுபத்தாறு, மூச்சு பதினாறு. உங்கள் தம்பி பெண்டாட்டியும் நலம்தான், ஆனால் அவள் நாடியைச் சொல்ல முடியாது, கையைக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை பிடித்துப் பார்த்தால் யார்தான் கொடுப்பார்கள். தங்கள் நலமறிய ஆவல் என்று இத்தனை வருஷமாக எழுதிவந்தது வழக்கத்துக்கு எழுதியது. இந்தத் தடவை நிஜமாகவே ஆவல். உங்கள் இடது தோள்வலியைப் பற்றித்தான் இந்தக் கடிதம், உடனே மடித்து வைத்துவிடாதீர்கள். போனில் அந்தப் பேச்சை எடுத்தால் "வைடா" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதமென்றால் ஒரு வரி விடாமல் படிப்பீர்கள். எடுத்த எடுப்பில் டாக்டரிடம் போங்கள் என்றால் கோபம் வரும், ஆகையால் முதலில் என் கதையைச் சொல்கிறேன், நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஆம்புலன்ஸ் ஆளாகப் படிக்கச் சேர்ந்திருக்கிறேன். ஆமாம், நான்தான், ஐம்பத்திரண்டு வயசில். அவசர மருத்துவ உதவியாளர் அடிப்படைப் பயிற்சி என்று பெயர். மற்ற இடங்களில் ஆறு மாதம் நிதானமாக நடத்துவதை இங்கே இருபத்தொரு நாளில் அடைத்துத் தருகிறார்கள், காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஏழு. சேர வேண்டுமென்று நான் போகவில்லை. யூனிஃபாரம் தைக்க இருபத்துநாலு பேருக்கு அளவெடுக்கப் போனேன், இருபத்துமூன்று பேர்தான் இருந்தார்கள். மிச்சம் ஒரு ஆளுக்காகக் காத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வாத்தியாரம்மா பாடத்தை ஆரம்பித்துவிட்டார். இருபது வருஷம் ஆம்புலன்ஸில் ஓடிய நர்ஸ் அவர், குரல் அந்த வண்டி மாதிரியே இருக்கும், கேட்டதும் ஒதுங்கி வழிவிடத் தோன்றும். மயங்கி விழுந்தவரை எப்படிப் புரட்ட வேண்டும் என்று காட்டினார். பார்த்துக்கொண்டே இருந்தேன், மதியமாகிவிட்டது. அந்த இருபத்துநாலாவது ஆள் வரவேயில்லை. "மாஸ்டர், காலைலேர்ந்து தலைய ஆட்டிக்கிட்டே இருக்கீங்க, பேசாம அந்த எடத்துல நீங்களே சேந்துருங்களேன்" என்றார் வாத்தியாரம்மா. கேலியாகத்தான் சொல்லியிருப்பார். நான் சரி என்றுவிட்டேன். வீட்டில் சொன்னபோது உங்கள் தம்பி பெண்டாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "விரல்ல ஊசி ஏறினா கண்ண இறுக்கி மூடிக்கிட்டு என்னைக் கூப்புடுற ஆளு நீங்க. ரத்தத்தப் பாத்து நீங்க விழுந்தீங்கன்னா உங்களத் தூக்க வேற ஒரு வண்டி வரணும்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. மூன்றாம் நாள் ஒரு படத்தைப் பார்த்தே விழுந்தேன். என்னைத் தூக்கி உட்கார வைத்தது வகுப்புக்கு நல்ல பயிற்சியாக இருந்தது என்று வாத்தியாரம்மா சொன்னார்.

படிப்பு முழுக்க எனக்குத் தலைகீழ் என்று நினைக்காதீர்கள். நெஞ்சை அழுத்துகிற பாடத்தில் நான்தான் முதல். ரப்பர் பொம்மையின் மாரை இரண்டு அங்குலம் அழுத்த வேண்டும், கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. மற்றவர்களுக்கெல்லாம் பொம்மையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்க, எனக்கு மட்டும் பச்சை. இரண்டு அங்குலமென்றால் என் கைக்கு இரண்டு அங்குலம், நூல் பிசகாது. வேகமும் சரியாக வருகிறது, என்ன ஒன்று, கை அழுத்தும்போது வலது கால் தானாகத் தையல் மிஷின் மிதிக்கிறது. என்னோடு ஜோடி சேர்ந்த லாரி டிரைவர் எதிர்ப்பக்கம் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தவர், "அண்ணே, காலை நிறுத்துங்க, பேஷண்டை உதைக்கிறீங்க" என்றார். நிறுத்திப் பார்த்தேன். காலை நிறுத்தினால் கையும் நின்றுவிடுகிறது. கடைசியில் பொம்மையை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள்.

மானம் போனது பத்தாம் நாள். விபத்தில் அடிபட்டவரின் உடம்பில் காயம் எங்கே என்று பார்க்க உடுப்பை வெட்டித் திறக்க வேண்டும், அதற்கென்று முனை மழுங்கிய கத்திரிக்கோல் ஒன்று கொடுக்கிறார்கள், பதினைந்து விநாடிதான் கணக்கு. லாரி டிரைவர் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு அடிபட்டவராகப் படுத்தார். நான் கத்திரியை எடுத்தேன். துணியில் வைத்தேன். கை நகரவில்லை அண்ணா. நல்ல துணி, இழை நேராக ஓடுகிறது, அதன் குறுக்கே எப்படிக் கத்திரி போடுவது? தையலோரமாகப் பிரித்தால் பிறகு மூட்டிக் கொடுக்கலாமே என்று விலாப்பக்கத்துத் தையலைத் தேடி, முடிச்சைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டு போனேன். தலை நிமிர்ந்து பார்த்தால் வகுப்பு முழுக்கச் சுற்றி நிற்கிறது. "எத்தன நிமிஷம் ஆச்சு?" என்று வாத்தியாரம்மா கேட்டார். நாலரை என்றார்கள். "மாஸ்டர், நீங்க சட்டையக் காப்பாத்துறீங்களா, ஆளக் காப்பாத்துறீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். லாரி டிரைவர் மட்டும் படுத்தபடியே, "நான் செத்துட்டேன், ஆனா சட்டைக்கு ஒரு பொத்தல் இல்ல" என்றார்.

சிரித்துவிட்டீர்களா? இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

வகுப்புக் குறிப்புகளுக்கென்று தனி நோட்டு வாங்காமல் என் அளவு நோட்டையே பின்பக்கத்திலிருந்து எழுதிவந்தேன். முன்பக்கத்திலிருந்து வாடிக்கைக்காரர்களின் சட்டை அளவு, பின்பக்கத்திலிருந்து நோயும் சிகிச்சையும். யூனிஃபாரம் அளவு தனித்தாளில் எடுத்தது, படிப்பில் சேர்ந்த பிறகு கடையில் புது அளவு எடுக்கவுமில்லை. பதினேழாம் நாள் நெஞ்சுவலிப் பாடம். வாத்தியாரம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: வலி நெஞ்சிலேயே இருக்க வேண்டுமென்று இல்லை, இடது தோளுக்குப் போகும், கைக்கு இறங்கும், தாடைக்கு ஏறும், பல்வலி என்று நினைப்பார்கள். படி ஏறினால் வரும், உட்கார்ந்தால் போகும். காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்தும் வேர்க்கும். கழுத்தைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். கேட்டால் வெறும் வாயு, கேஸ் என்பார்கள். பக்கம் முடிந்தது, திருப்பினேன். இரண்டு எழுத்தும் அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றது. எதிர்ப்பக்கத்தில் உங்கள் சட்டை அளவு, போன மாதம் கடைக்கு வந்தீர்களே, அப்போது எடுத்தது. என் கையெழுத்தில் இருக்கிறது: "அண்ணன். மார்பு நாற்பது. இடது கை தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை, அக்குளில் அரை அங்குலம் கூடுதல் விடவும். கழுத்து இறுக்குகிறதாம், கால் அங்குலம் தளர்த்தவும். வேர்வை அதிகம், பருத்தித் துணியே போடவும்."

அண்ணா, அன்றைக்கு என் கடைப் படிகள் பன்னிரண்டையும் ஏற நீங்கள் நடுவில் ஒரு தடவை நின்றீர்கள். ஸ்டூல் போட்டேன், சோடா வாங்கி வந்தேன். தாடை வலிக்கிறது என்று ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தீர்கள், பிடுங்கியும் வலி போகவில்லை என்று பல் டாக்டரைத் திட்டினீர்கள். அத்தனையையும் கேட்டுக்கொண்டு, கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, நான் அக்குளைத் தளர்த்தினேன். முப்பது வருஷமாக மனுஷர்களின் மாரைத் தொட்டு அளந்திருக்கிறேன், உள்ளே என்ன ஓடுகிறது என்று ஒருத்தரையும் கேட்டதில்லை. நடுத்தெருவில் விழுகிறவனைத் தூக்கப் படிக்கிறேன், கூடப் பிறந்தவர் கடைக்குள் வந்து நின்று எல்லா அடையாளத்தையும் வாய்விட்டுச் சொல்லியும் எனக்குப் புரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. அண்ணி இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார், இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறீர்கள், அதுவும் ஒரு பயம்.

ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இந்தப் படிப்பில் சேர்ந்த முதல் வாரம் எனக்கே ஏழு நோய் இருந்தது, அதில் ஒன்று பெண்களுக்கு மட்டும் வருவது என்று பிறகுதான் தெரிந்தது. ஆகையால் உங்களை மிரட்டவில்லை. நாளைக்கு எனக்குக் கடைசித் தேர்வு, இங்கே தேர்வுக்கு வராவிட்டால் முதல் நாளிலிருந்து மறுபடி உட்கார வேண்டும் என்பது சட்டம். அதை நல்லபடியாக முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், திங்கட்கிழமை இரண்டு பேருமாக நிதானமாக ஒரு நல்ல இதய டாக்டரிடம் போவோம். அதுவரை படி ஏற வேண்டாம், வாளி தூக்க வேண்டாம், பல் டாக்டரிடம் போய்ச் சண்டை போட வேண்டாம். உங்களுக்கும் வசதிப்பட வேண்டும் என்பதால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

பெரியவர்கள் ஆசீர்வாதம் எனக்கு வேண்டும், தேர்வுக்கும் மற்றதற்கும். உங்கள் தம்பி பெண்டாட்டி வணக்கம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
தம்பி

பின்குறிப்பு: மேலே திங்கட்கிழமை என்று எழுதியது தப்பு, நிதானமாக என்றது தப்பு, தேர்வு எழுதுவேன் என்றதும் தப்பு, கட்டுப்பட்ட என்று கையெழுத்துப் போட்டது அதைவிடத் தப்பு. பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து ஆடுவதைப் பொறுத்துக்கொள்ளவும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கவருக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது வாத்தியாரம்மா வந்து, "யாருக்கு மாஸ்டர் இவ்ளோ பெரிய லெட்டர்?" என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை. "இது போய்ச் சேர எத்தன நாள் ஆகும்?" என்றார். மூன்று நாள் என்றேன். அவர் என் போனுக்குக் கை நீட்டினார். அறிமுகமில்லாத பெண் பேசினால் நீங்கள் மரியாதையாகப் பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், சொன்னீர்கள். "இப்ப வலி இருக்கா சார்?" என்று கேட்டதற்கு, "காலைல பேப்பர் படிக்கறப்போ புடிச்சது, இன்னும் விடல, அது வெறும் கேஸ்மா" என்றீர்களாம். உட்கார்ந்திருக்கும்போதே வந்த வலி. போனை வைத்த கையோடு உங்கள் ஊர் ஆம்புலன்ஸுக்கு முகவரி சொல்லிவிட்டார். என்னைப் பார்த்து, "கிளம்புங்க. நாளைக்கு இல்லன்னா திரும்ப மொதல்ல இருந்து வரணும், வருவீங்கல்ல?" என்றார். வருவேன் என்றேன். லாரி டிரைவர் என்னை பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார்.

இதை நீங்கள் படிக்கும்போது உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன், கண்ணாடி கொண்டுவர மறந்திருப்பீர்கள், நானே படித்துக் காட்டுகிறேன். இப்போதுதான் உங்கள் நம்பருக்கு அடித்தேன். ஆம்புலன்ஸில் வந்தவர் எடுத்தார். "சார், படியில இறக்கி வண்டியில ஏத்திட்டோம். ஆக்ஸிஜன் வச்சிருக்கோம், அதையும் எடுத்துட்டு எங்களத் திட்டிக்கிட்டே இருக்காரு. உங்களையும் சேத்துத்தான். கொஞ்சம் சமாதானமாப் பேசுறீங்களா?" என்றார். ஒன்றும் பேச வேண்டாம், மாஸ்க்கை மட்டும் திரும்பப் போடுங்கள், போனை அவர் வாய்ப்பக்கத்தில் வையுங்கள் என்றேன். எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அதுதான்: பேசுகிற ஆளுக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது. கூட்டத்தைக் கூட்டி மானத்தை வாங்கிட்டியேடா, நீயெல்லாம் ஒரு தம்பியா என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறேன், பக்கத்து சீட்டுக்காரர் என் கண்ணைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வந்து சேர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை நிறுத்தாமல் திட்டுங்கள் அண்ணா.