சந்தையிடம் பேரம் பேசிய ஐந்து நாள்

அந்த வாரம் எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஃப்யூச்சர்ஸ் என்கிற முன்பேரச் சந்தையில் அன்றன்றைக்கே வாங்கி விற்க, எப்போது வாங்கலாம் என்று போனில் காட்டும் ஒரு இண்டிகேட்டரை ஐந்து நாள் ஓட்டிப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

பாறசாலையில் எனக்குக் கடை உண்டு. இடித்த வீட்டுக் கதவு, ஜன்னல் வாங்கி விற்கிற கடை. படிப்பு எட்டோடு சரி. பாக்கியெல்லாம் ஏமாந்து ஏமாந்து படித்தது. அதனால் சொன்ன விலைக்கு எதையும் வாங்குவதில்லை. பல் பிடுங்குகிற டாக்டரிடமே குறைத்துக் கேட்டவனாக்கும்!

இண்டிகேட்டர் விற்கிறவன் காட்டாக்கடை பினு, மலையாளி. போனில் பதினைந்தாயிரம் என்றான்.

"நாலாயிரம்."

"சேட்டா, இது சாஃப்ட்வேர் ஆணு. சாளை மீன் அல்ல!"

"சாளைன்னா செவுளத் தூக்கிப் பாத்து வாங்குவேன் மக்கா. இதுல எதத் தூக்கிப் பாக்க?"

அரைமணி நேரச் சண்டை. நாலாயிரத்துக்கு இறங்கினான். அதுவும் ஐந்து நாள் ஓசியில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் காசு. மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்காரி ஜெபா நெய்யாற்றின்கரையில் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். அடுக்களைக்கு டைல்ஸ் போட நாற்பதாயிரம் சேர்த்து வைத்திருந்தாள். அதைத்தான் முதலாகக் கேட்டேன்.

"அஞ்சு நாளும் நிஜக் காசு போடாம, போலிக் காசுல ஓட்டுங்க. எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க. லாபம் வந்தா தாறேன். வரலேன்னா டைல்ஸ்."

திங்கள்கிழமை. கடையில் ஒரு தேக்குக் கதவில் போனைச் சாய்த்து வைத்தேன். ஓட்டிப் பார்த்தது கச்சா எண்ணெயில். பச்சை அம்பு வந்தால் வாங்க வேண்டும், சிவப்பு வந்தால் விற்று வெளியே வர வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

வந்தது பச்சை! விலை 5,612.

என் விரல் தானாக 5,600 என்று அடித்தது. சொன்ன விலைக்கு வாங்க நான் என்ன கிறுக்கனா?

5,618. 5,630.

"எலே, ஒரு பத்து ரூவா கொறைலே!"

5,655!

"எரப்பாளி! உனக்கென்ன அவ்வளவு திமிரு?"

கதவு பார்க்க வந்த ஒருவர் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்.

மத்தியானம் இன்னொரு அம்பு. மறுபடியும் பன்னிரண்டு ரூபாய் குறைத்துக் கேட்டேன். இந்த முறை சந்தை இறங்கி வந்து கொடுத்தது!

"பாத்தியா, வழிக்கு வந்துட்டான்!" என்று தொடையில் தட்டினேன்.

வழிக்கு வந்தவன் அங்கே நிற்கவில்லை. இன்னும் ஐம்பது ரூபாய் கீழே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை வரை மொத்தம் ஒன்பது பச்சை அம்பு. ஏறின ஐந்திலும் நான் இல்லை. இறங்கின நாலிலும் நான் உண்டு!

"கள்ளப் பய பினு! அவன் சட்டையப் பிடிச்சு உலுக்காம விடமாட்டேன்!"

சனிக்கிழமை காலையில் ஜெபாவையும் நோட்டையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு காட்டாக்கடைக்கு விட்டேன். தையல் கடைக்கு மேலே பினுவின் ஒற்றை அறை. படியிலேயே கத்த ஆரம்பித்துவிட்டேன்.

பினு பதறவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பினான். "ஒன்பதில் அஞ்செண்ணம் ஜெயிச்சு. சேட்டன் தன்னே நோக்கிக்கோ!"

பார்த்தேன். ஐந்து ஜெயித்திருந்தது.

ஜெபா நோட்டைப் புரட்டினாள். "அம்பு வந்த விலைக்கு நீங்க ஒரு தடவையாவது வாங்கினீங்களா?"

"அது வந்து... குறைச்சுக் கேட்டேன்."

"எண்ணெய்கிட்டயா?"

ஜெபா நோட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

"ஏறப் போறது எதுக்கு உங்களுக்காக இறங்கி வரணும்? வேண்டாதது மட்டும் வந்து கையில விழுந்திருக்கு."

பினுவுக்கு ஒரே குஷி. "சேச்சி பறஞ்ஞது கரெக்ட்!"

ஜெபா அவன் பக்கம் திரும்பினாள். "ஒன்பதுல அஞ்சு காசு சுண்டினாலும் வரும் தம்பி. நீங்க இத வச்சு சொந்தக் காசுல டிரேட் பண்ணுதீங்களா? ஒரு மாசத்து புரோக்கர் ஸ்டேட்மென்ட் காட்டுங்க."

பினு கம்ப்யூட்டரைப் பழையபடி திருப்பினான். "ஞான் டிரேட் செய்யாறில்ல சேச்சி. அது பயங்கர ரிஸ்க் அல்லே?"

ஜெபா நோட்டை மூடினாள்.

"இதுல தினம் காசு வரும்னா, இவரு போன்ல கத்தினதுக்குப் பயந்து பதினஞ்சாயிரத்த நாலாயிரத்துக்கு எதுக்குத் தரணும்?" என்று சொல்லிவிட்டு ஜெபா எழுந்தாள்.

நான் சாமர்த்தியம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த பேரம்! அதுதான் அவன் சரக்கு சொத்தை என்பதற்குச் சாட்சியாம்! டைல்ஸ்தான் என்று முடிவாகிவிட்டது. எனக்கும் ஒரு வகையில் நிம்மதி.

பாதிப் படி இறங்கியிருப்போம். மேலிருந்து பினு கூப்பிட்டான்.

"சேட்டா! ஆயிரம் தந்தா மதி, போதும்!"

என் கால் நின்றுவிட்டது. ஜெபா சட்டைக் காலரைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனாள்.

இப்போதும் சொல்கிறேன் மக்கா, அவள் மட்டும் கூட வராமல் இருந்திருந்தால், அதை நான் ஐநூறுக்கு முடித்திருப்பேன்.