ரசத்துக்குப் போட்ட புளி

கண்ணாடி செய்வதையே பிழைப்பாக வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து ஒரு நாள்கூடத் தலை வாராத ஒரே மனிதர் இந்தியாவிலேயே எங்கள் ‘ரசம்’தான். செம்பாக்கத்தில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீட்டுக்கு, காக்காய் கூடு மாதிரித் தலையோடு வந்து சேர்ந்தார்.

சமையலுக்கு வரும் மேரி அக்கா முதல் நாளே விசாரித்தார்.

“இன்னா வேலை தம்பி?”

“ஆராய்ச்சிக்கா. கண்ணாடிக்கு ரசம் பூசற மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.”

அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்துபோனது.

அவர் செய்த கண்ணாடி, நகத்தளவு அலுமினியத் தகடு. ஒளியைக் குவிக்க வேண்டுமானால் கண்ணாடி குழிந்திருக்க வேண்டும் என்றுதானே படித்தோம்? இது தோசைக்கல் மாதிரித் தட்டை. மேலே கண்ணுக்குத் தெரியாத உலோகத் தூண்கள் லட்சக்கணக்கில் நிற்குமாம். பட்டுத் திரும்பும் வெளிச்சத்தையெல்லாம் ஒரே புள்ளிக்கு விரட்டுமாம். எங்களுக்குத் தெரிந்ததென்னவோ நடுவில் ஒரு வானவில் நிறக் கறை மட்டும்தான்.

அதன் பக்கத்தில் தும்மக் கூடாது, பேசக் கூடாது. நான் சிரித்ததற்கே, “மச்சான், எச்சில் தெறிக்கும்!” என்று அலறினார்.

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நெருங்கியது. லேபில் யாராவது தொட்டுவிடுவார்கள் என்று பயந்து, இருந்த இரண்டில் நல்ல தகட்டை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். ஃபேன் இல்லாததால் தூசி பறக்காத ஒரே இடம் சமையலறை. அங்கே அலமாரியில் வைத்து, டம்ளரைக் கவிழ்த்து மூடினார்.

மறுநாள் காலை அக்கா அதைப் பெருமையாக நீட்டினார்.

“களிம்பு ஏறிக்கினு இருந்துச்சுப்பா. புளி போட்டுத் தேச்சேன். இப்ப பாரு, இன்னாமா மின்னுது!”

மின்னத்தான் செய்தது. தூண்கள் அத்தனையும் சிங்க்கில் போய்விட்டன. ரசத்துக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பட்டமே அந்தத் தகட்டை நம்பித்தான் இருந்தது. விஷயம் புரிந்ததும் அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

“பேஜார் பண்ணிட்டேனே!”

“அழாதீங்கக்கா. லேப்ல சுமாரா இன்னொண்ணு இருக்கு.”

அப்படிச் சொன்ன ரசம், என்ன தோன்றியதோ, தேய்த்த தகட்டையும் பத்திரமாக எடுத்துக்கொண்டார். அந்தத் தேர்வை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாமாம். என்னோடு அக்காவையும் விடாப்பிடியாக அழைத்துப் போனார்.

சிவப்பு வெளிச்சத்தைப் பாய்ச்சியதும், சுமார் தகடு திரையில் சின்னதாக ஒரு புள்ளியைக் காட்டியது. தேர்வாளர் விடவில்லை.

“தூண்களாலதான் குவியுதுன்னு எப்படிச் சொல்றீங்க? தகடே லேசா வளைஞ்சிருக்கலாமே?”

ரசம், அக்கா தேய்த்ததை எடுத்து வைத்தார். அதே அலுமினியம், அதே அளவு, தூண்கள் மட்டும் இல்லை. வெளிச்சம் புள்ளியாகக் குவியவில்லை; போன மாதிரியே திரும்பி வந்தது.

“பிரமாதம்! தூண்களை இவ்வளவு சுத்தமா எப்படி எடுத்தீங்க?”

“புளி, சார்.”

அரங்கமே சிரித்தது. தேர்வாளரும் சிரித்துக்கொண்டே கேட்டார். “யார் செஞ்சது?”

கூடப்பிறந்தவர் யாருமில்லாத அந்த மனிதர் கடைசி வரிசையைக் கைகாட்டினார்.

“எங்க அக்கா, சார்.”

பட்டம் கிடைத்துவிட்டது. மேரி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு முந்தானை இல்லை, சட்டைக் கையைத்தான் தேட வேண்டியிருந்தது. இந்த ரசத்தை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.