பானை ஓட்டில் யார் பெயர்?

கரங்கான்,
மார்ச் 14

அன்புள்ள மச்சான் குகனுக்கு,

தோட்டத்து முருகன் கோயில் தலைவர் புவனேஸ்வரன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்கா அம்சவள்ளியும் முருகன் புண்ணியத்தில் நலம். அங்கு நீயும் தங்கச்சி திலகாவும் பிள்ளைகளும் நலந்தானே? நான் நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக. உண்மையில் பயந்துபோய் இருக்கிறேன். வாட்ஸ்அப்பில் சொல்லலாம் என்றால், போன தடவை உனக்கு அனுப்பியது கோயில் குழுவுக்குப் போய்விட்டது. அதனால்தான் காகிதம். நாளை மறுநாள் தபாலில் போடுவேன், இல்லையென்றால் நானே கையோடு கொண்டுவருவேன்.

விஷயம் இதுதான். சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சத்தியசீலன் இப்போது நம் கோயில் செயலாளர். போன கூட்டத்தில் ஒரு மைக்குக்காக நானும் செயற்குழுவில் இருக்கும் பக்கிரிசாமியும் போட்ட சண்டையைப் பார்த்துவிட்டு, "கிரேக்கர்கள் இதுக்கெல்லாம் அப்பவே வழி வச்சிருந்தாங்க தலைவரே" என்று ஆரம்பித்தார். ஏதென்ஸ் நகரத்தில் எவனாவது ராஜா மாதிரி வளர்ந்துவிட்டால், ஊரார் உடைந்த பானை ஓட்டில் அவன் பெயரைக் கீறிப் போடுவார்களாம். அதிக ஓடு விழுந்தவன் பத்து வருஷம் ஊருக்குள் வரக் கூடாது. சொத்தைத் தொடமாட்டார்கள், ஆளைத்தான் அனுப்புவார்கள். நம் கோயிலுக்கும் இதை வைப்போம் என்று முதலில் கை தூக்கியவன் யார்? நான்தான். பக்கிரிசாமியைக் கழற்றிவிட இதைவிட நல்ல வழி ஏது என்று நினைத்தேன். பொங்கலுக்கு உடைந்த பானைகளும் கோயிலுக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். இந்தக் கோயிலில் ராஜா மாதிரி வளர்ந்தது யார்? பந்தலை மேட்டுக்கு மாற்றியது யார்? உன் அக்கா சொன்னாள், நான் உத்தரவிட்டேன். நாதஸ்வரக் குழுவை மாற்றியது யார்? உன் அக்கா வேண்டாமென்றாள், நான் போன் போட்டேன். அன்னதானக் கூடத்துச் சாவி யார் வீட்டில் இருக்கிறது? என் வீட்டில், உன் அக்கா இடுப்பில். இவ்வளவு அதிகாரம் ஒருவனிடம் குவிந்தால் ஊர் சும்மா விடுமா? பங்குனி உத்திரத்தன்று என் தலையில் கட்டும் பரிவட்டம் இனி யார் தலைக்கோ?

இந்த வாரம் எல்லாரும் என்னிடம் அன்பாக இருப்பதுதான் பெரிய பயம். பக்கிரிசாமி கடையில் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, உட்காருங்கலா, தே தாரிக் குடிங்க, உடம்பு எப்படி இருக்கு?" என்கிறான். என் உடம்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட இதுவரை கேட்காதவன்! சரி, ரோமாபுரியில் எப்படி என்று வாத்தியாரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அங்கே சீசரைச் சபை உறுப்பினர்களே சூழ்ந்து நின்று குத்தினார்களாம். "என்னைக்கு சார்?" என்றேன். "மார்ச் பதினைஞ்சு" என்றார். நாளைக்கு என்ன தேதி, மச்சான்? ஓடு போடும் கூட்டமும் நாளைக்குத்தான், அது முடிந்ததும் ஊரே சேர்ந்து கோயிலைச் சுற்றிப் புதர் வெட்டும் கோத்தோங் ரோயோங் வேறு. எல்லாரும் பாராங் கத்தியோடு வர வேண்டும் என்ற அறிவிப்பில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

உன் அக்காவிடம் சொன்னால், "உங்கள யாருங்க தொரத்தப் போறா? பேசாம சாப்பிடுங்க" என்று சிரிக்கிறாள்.

ஆகவே ஜித்ராவில் உன் வீட்டுப் பின்னறையை ஒழித்து வை. தங்கச்சியிடம் பத்து வருஷம் என்று சொல்லாதே, அண்ணன் நாலு நாள் இருந்துவிட்டுப் போவார் என்று சொல்.

முருகன் உங்கள் எல்லாரையும் காக்கட்டும், நேரம் மிச்சமிருந்தால் என்னையும்.

இப்படிக்கு,
நாளை சாயங்காலம் வரைக்குமாவது தலைவர்,
புவனேஸ்வரன்

பி.கு.: கூட்டம் முடிந்தது. எனக்கு ஒரு ஓடுகூட விழவில்லை. பக்கிரிசாமிக்கு ஒன்று, அதுவும் நான் போட்டது. மற்ற எல்லா ஓட்டிலும் அம்சவள்ளி! "ராஜா மாதிரி யாருன்னுதானே கேட்டாரு வாத்தியாரு? கோயில நடத்துறது அக்காதானேலா" என்று பக்கிரிசாமி விளக்கம் வேறு கொடுக்கிறான். உன் அக்கா கொஞ்சமும் கலங்கவில்லை. "பத்து வருஷம் லீவு!" என்று சாவியை என் கையில் போட்டுவிட்டுப் பெட்டி கட்டுகிறாள். உத்திரத்துக்கு ஊரே சாப்பிட வரும், அரிசி எந்தப் பீப்பாயில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. என்னைக் கண்டு பயப்பட ஓர் ஆள்கூட இல்லையே என்ற வருத்தத்தை நான் அப்புறம் பட்டுக்கொள்கிறேன். உன் அக்கா அங்கே வந்தால் தயவுசெய்து கதவைத் திறக்காதே, மச்சான்.