பழுதாகாத பேட்டரி வைத்திருந்த கீரி

கரண்ட் வந்து, அதன் பின்னாலேயே கம்பெனியும் வந்துவிட்ட ஒரு காட்டில் பரஞ்சோதி என்றொரு கீரி இருந்தது. மான்களுக்குப் புலி காப்பீடு விற்கும் கம்பெனியில் அதற்கு வேலை. கம்பெனியின் முதலாளி புலிதான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காப்பீடு விற்க வேண்டுமென்றால் யாராவது பயமுறுத்தத்தானே வேண்டும்.

எல்லாருக்கும் வீட்டிலிருந்தே வேலை. பொந்துக்குப் பொந்து ஒரு லேப்டாப். மற்ற மிருகங்கள் அதைச் சுவர் பிளக்கில் மாட்டியதோடு சரி, திரும்பிப் பார்ப்பதில்லை. பரஞ்சோதி அப்படி இல்லை. நூறு வரை ஏற்றி நாள் முழுக்க அப்படியே வைத்தால் பேட்டரிக்குச் சீக்கிரம் கிழடு தட்டிவிடும் என்று எங்கோ படித்திருந்தது. அதனால் எண்பதோடு சார்ஜ் நின்றுவிடும்படி செட்டிங்ஸில் போட்டு வைத்திருந்தது. அவ்வப்போது வயரைப் பிடுங்கி நாற்பது வரை இறங்கவிட்டு, மறுபடி மாட்டும். காற்றோட்டத்துக்காக அடியில் இரண்டு கூழாங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. தனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இத்தனை தடவை தொட்டுப் பார்த்ததில்லை என்று மனைவி கோமதிக்கு ஒரு குறை.

பக்கத்துக் குகையில் சடையப்பன் என்ற கரடி. அதே கம்பெனி, அதே வேலை. பரஞ்சோதி அதற்குப் புத்தி சொல்லிப் பார்த்தது.

“அண்ணே, எந்நேரமும் முழுசா ஏத்தி வெச்சே ஓட்டாதீங்க. அதுவும் கம்பளி மேல வெச்சு ஓட்டறீங்க. பேட்டரிக்குச் சூடு ஆகவே ஆகாது.”

“எனக்கே உடம்பு பூரா கம்பளி. நான் நல்லாத்தானே இருக்கேன் மாப்ள?”

கரடியின் பேட்டரி இரண்டே கோடையில் உப்பிச் செத்தது. மற்ற மிருகங்களுடையதும் அதே கதிதான். சடையப்பன் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் வயரிலேயே காலத்தை ஓட்டியது. கால் பட்டு வயர் நகர்ந்தாலே திரை அணைந்துவிடும். கரடி ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மறுபடி மாட்டும்.

நம் கீரி அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். பேட்டரி ஆரோக்கியம் தொண்ணூற்றேழு சதவீதம் என்று காட்டிய திரையைப் படம் பிடித்து ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டது. கீழே, ‘நாலு வருஷம் ஆச்சு, இன்னும் நாலு மணி நேரம் தாங்குது’ என்று ஒரு வரி வேறு. யாரும் கண்டுகொள்ளவில்லை. மேனேஜர் நரி மட்டும் கட்டைவிரலை உயர்த்தியது.

இப்படி இருக்கையில் கோமதி மூன்று குட்டிகளை ஈன்றது. அந்தக் காட்டுக் கீரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. குட்டிகள் முதன்முதலாகக் கண் திறக்கும்போது எதிரே அப்பா உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் எந்த முகத்தைப் பார்க்கின்றனவோ அந்த முகத்தைத்தான் அவை அப்பா என்று நம்பும். பிறகு எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் கேட்காது. பரஞ்சோதி நரியிடம் ஒரு நாள் லீவு கேட்டது.

“வீட்டுலதானே இருக்கீங்க பரஞ்சோதி? வீட்டுல இருக்கறவருக்கு எதுக்குங்க லீவு?” என்றது நரி.

அந்தக் கம்பெனியில் கரண்ட் போனால்தான் லீவு. நல்ல காலம், மாதாந்திரப் பராமரிப்புக்காக வெள்ளிக்கிழமை முழுக்க மின்தடை என்று அறிவிப்பு வந்தது. குட்டிகளின் இமைகளைத் தடவிப் பார்த்த கோமதி, “வெள்ளிக்கிழமைதாங்க திறக்கும்” என்றது. பரஞ்சோதிக்குச் சந்தோஷத்தில் வால் தரையில் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை சொன்னபடியே கரண்ட் போனது. காடு முழுக்கத் திரைகள் அணைந்தன. குரங்குகள் கிளையில் மல்லாந்தன. பரஞ்சோதி முகம் கழுவி, மீசையை நீவிவிட்டுக்கொண்டு, குட்டிகளுக்கு எதிரே போய் உட்கார்ந்தது. அப்போது செல்போன் அடித்தது. நரி.

“முதலாளி மீட்டிங் போடச் சொல்றாரு. யாருக்குமே லேப்டாப் ஓடல. உங்களுதுதான் நாலு மணி நேரம் தாங்குமே! நானும் முதலாளியும் செல்லுல வந்துடறோம். நீங்க நெட்டை செல்லுல புடிச்சிக்கிட்டு, லேப்டாப்புல கேமராவைப் போட்டுட்டு வந்துடுங்க. அப்படியே மத்தவங்க வேலையையும் கொஞ்சம் பாத்துடுங்க.”

“பேட்டரி செத்துப்போச்சுன்னு சொல்லுங்க,” என்று கோமதி கிசுகிசுத்தது. “ஒரு வார்த்தைதானே!”

சொல்லியிருக்கலாம். நரி என்ன பொந்துக்குள் வந்தா பார்க்கப் போகிறது? பரஞ்சோதியும் வாயைத் திறந்தது. நல்ல பாம்பிடம்கூடப் பொய்ச் சண்டை போட்டு ஏமாற்றிய கீரிதான் அது. ஆனால் அந்த பேட்டரியைச் செத்துப்போனது என்று சொல்ல அதற்கு நாக்கு வரவில்லை.

“தாங்கும் சார். தாராளமா தாங்கும்,” என்றது. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அது வெளி அறைக்குப் போய்விட்டது. கோமதியோ காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, வேலை வெட்டி இல்லாத சடையப்பன் கையில் தேனடையோடு குட்டிகளைப் பார்க்க வந்தது.

“அண்ணே, ஓடைக்குப் போயிட்டு ஓடி வந்துடறேன். செத்த நேரம் பாத்துக்கோங்க,” என்று சொல்லிவிட்டுக் கோமதி போனது.

கரடியின் உடம்பு பொந்துக்குள் நுழையாது. பின்வாசல் வழியாகத் தலையை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டு, “அடடா, யாரு இது, யாரு இது?” என்று கொஞ்சியது. மூன்று குட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் திறந்தன. எதிரே பொந்தையே அடைத்துக்கொண்டு ஒரு பெரிய கறுத்த முகம். தேன் வாசனை வேறு.

“அப்பா!” என்றன.

வெளி அறையில், லேப்டாப்பிலிருந்து நரியின் குரல் கேட்டது: “பரஞ்சோதி, என்ன அப்படியே உறைஞ்சிட்டீங்க? சார்ஜ் தீர்ந்துபோச்சா?”

பரஞ்சோதி திரையின் மூலையைப் பார்த்தது.

“இல்ல சார்,” என்றது. “இன்னும் நிறைய இருக்கு.”

நீதி: லேப்டாப் பேட்டரியைக் கண்ணும் கருத்துமாகப் பராமரியுங்கள், ஆபீஸில் மட்டும் அது செத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டது என்று சொல்லி வையுங்கள்.