அன்ரியின் போனும் சனிக்கிழமை ராகு காலமும்

ஊரில் ஒருவனுக்குப் "போன் வேலை தெரிந்தவன்" என்று பெயர் வந்துவிட்டால் அவ்வளவுதான், அதற்குப் பிறகு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. புதுக்குடியிருப்பில் ஒரு டியூட்டரியில் கம்பியூட்டர் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பெயர் அளவுக்கு மிஞ்சியே வந்திருந்தது. (யாரோ ஒருவரின் போனில் தமிழ் எழுத்து வரச் செய்ததற்குக் கிடைத்த பெயர்தான். அதற்கே நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.)

அதே டியூட்டரியில் கணிதம் படிப்பித்த சுகந்தியைக் கட்ட எனக்கு விருப்பம். அவளுக்கும் விருப்பம். தடை அவளுடைய அம்மா. இப்போது எனக்கு மாமி, அப்போது அன்ரி. அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டாவளையில் வயல் செய்கிறவர்கள். எங்கள் ஆட்கள் மலைநாட்டிலிருந்து வந்து அதே வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்கிறவர்கள். இரண்டு பகுதியும் வந்தவர்கள்தான், ஆனால் அன்ரியின் கணக்கில் அவர்கள் கொஞ்சம் முந்தி வந்தவர்கள். இரண்டு வருடமாகச் சுகந்தி கேட்க, இரண்டு வருடமாக அவர் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் கடவுள் பார்த்து அன்ரியின் போனைக் கெடுத்தார். விடியத் தேவாரம் போட்டால் இரண்டாவது வரியில் ஒரு பெண் பாய்ந்து வந்து சூதாட்ட விளையாட்டுக்குக் கூப்பிடுவாள். விளக்கேற்றிய கையோடு அன்ரி அவளை ஏசத் தொடங்குவார். சுகந்தி மெல்ல என் பெயரை எடுத்துவிட்டாள். "போன் பாக்க வரட்டும். வேற கதை கதைக்கக் கூடாது" என்ற நிபந்தனையோடு எனக்கு அழைப்பு வந்தது.

சனிக்கிழமை காலை லப்டொப்போடு போய் இறங்கினேன். அந்த விளம்பரத்தை மட்டும் நிறுத்திவிட்டு வந்திருக்கலாம். எனக்கு அது காணுமா? போனின் பழைய சிஸ்டத்தையே மாற்றி, விளம்பரம் இல்லாத அப்புகள் மட்டும் கிடைக்கும் வேறொரு ஸ்டோரைப் போட்டு, அந்த ஸ்டோருக்குச் சிஸ்டம் உரிமையும் கொடுப்பது என்று முடிவெடுத்தேன். சாதாரணமாகப் போட்டால் அது ஒவ்வொரு அப்புக்கும் "நிறுவலாமா?" என்று கேட்கும். அன்ரியோ போன் எதைக் கேட்டாலும் "வேண்டாம்" என்பதையே அழுத்துகிறவர். (பற்றரி முடியப்போகிறது, மிச்சம் பிடிக்கவா என்று கேட்டதற்கும் வேண்டாம்தான்.) உரிமை கொடுத்து உள்ளே இருத்திவிட்டால் அவரைக் கேட்காமலே எல்லாம் நடக்கும்.

படங்களையெல்லாம் லப்டொப்பில் பத்திரப்படுத்திவிட்டு ஏற்ற வேண்டியவற்றை ஏற்றினேன். போனை எழுப்பினேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுகந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். தேத்தண்ணி ஆறியது, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"தம்பி, உது இன்னும் எவ்வளவு நேரம் சுத்தும்?"

"இப்ப முடிஞ்சிடும் அன்ரி."

"நீர் இதுக்கு முதல் ஆருக்கும் இப்பிடிச் செய்து குடுத்தனீரோ?"

"ஓம், கனபேருக்கு" என்றேன். (ஒருவருக்கும் இல்லை. வீடியோ பார்த்திருந்தேன், அதுவும் ஓட்டி ஓட்டி.)

சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. போனா போகப்போகிறது? சுகந்தியல்லவா போகப்போகிறாள்! அவள் கதவடியில் நின்று, "ஐயோ, என்ன செய்து வச்சிருக்கிறீர்?" என்று சத்தமில்லாமல் வாயசைத்தாள்.

பட்டன்களைச் சேர்த்து அழுத்தி, போனைத் திருத்தும் திரைக்குக் கொண்டுவந்தேன். அதே கோப்புகளை இன்னொருமுறை ஏற்றினால் சரிவரும் என்று ஒரு குருட்டு நம்பிக்கை. விரலை வைக்கப் போனேன்.

"நில்லும் தம்பி!" அன்ரி சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ராகு காலம் துவங்கீட்டுது. பத்தரை ஆகுமட்டும் ஒண்டும் துவங்கக் கூடாது. கையை எடும்."

"அன்ரி, இது போன்..."

"போனெண்டாலும் துவங்கிறது துவங்கிறதுதான்."

மாப்பிள்ளையாக வர நினைக்கிறவன் ராகு காலத்தோடு வாதாடலாமா? கையை எடுத்தேன். செய்ய வேறொன்றும் இல்லாததால், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, லப்டொப்பில் திறந்து கிடந்த செய்முறைப் பக்கத்தை முழுதாக வாசித்தேன். நடுவில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: பழையதை முற்றாகத் துடைத்த பிறகே புதியதை ஏற்றவும். நான் எங்கே துடைத்தேன்? பழையதன் மேலேயே எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். திரும்ப ஏற்றியிருந்தாலும் அதே வட்டம்தான் சுற்றியிருக்கும்.

"அன்ரி, பிழையைப் பிடிச்சிட்டன்! பழசைத் துடைக்காமல் ஏத்திப்போட்டன்."

"உழாமல் விதைச்சிருக்கிறீர்" என்றார் அன்ரி. ஆனால் ஏசவில்லை.

பத்தரையானதும் அவர் சாமிப் படத்தைக் கும்பிட்டு, போனுக்கும் திருநீறு பூசினார். (சார்ஜ் போடும் துளையை விரலால் மறைத்துக் காப்பாற்றினேன்.) "ம், இப்ப துவங்கும்" என்றார். துடைத்தேன். சிஸ்டம், ஸ்டோர், உரிமைக் கோப்பு என்று ஒழுங்காக ஏற்றினேன். வட்டம் சுற்றியது, நின்றது, புத்தம் புதுத் திரை ஒன்று விரிந்தது. நான் கதிரையிலிருந்து துள்ளி எழும்பிய எழும்பலில் கதிரை பின்னால் விழுந்தது. இரணைமடுக் குளத்தைத் தனி ஆளாகக் கட்டி முடித்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

ஸ்டோரைத் திறந்து, பாட்டுப் போடும் அப் ஒன்றைத் தொட்டேன். ஒரு கேள்வியும் இல்லாமல் வந்து உட்கார்ந்தது. தேவாரம் முழுவதும் ஓடியது, ஒருத்தியும் பாய்ந்து வரவில்லை. சுகந்தி கைதட்டியே விட்டாள்.

"இது என்னட்டை ஒண்டும் கேக்கேல்லையே?" என்றார் அன்ரி.

"கேக்காது அன்ரி. சிஸ்டத்துக்குள்ள சேத்தாச்சு. இனி வீட்டு ஆள் மாதிரி, தானே எல்லாம் செய்யும்."

அன்ரி தேவாரத்தின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். "இந்த வீட்டில நான் ராகு காலமெண்டால் ஒருத்தரும் காதில விழுத்திறேல்லை. நீர்தான் நான் சொன்ன உடன கையை எடுத்தனீர்." பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களும் இனி என்னட்டைக் கேட்டுக்கொண்டு நிக்காதேங்கோ. கேட்டால் நான் வேண்டாமெண்டுதான் சொல்லுவன். போய் ஐயரிட்டை நாள் கேளுங்கோ."

சந்தோசத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. போனைத் துடைக்கிற சாட்டில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

இப்போதும் நான் குசினிக்குள் புகுந்து சட்டியிலிருந்து வடையை அள்ளும்போது சுகந்தி, "கேட்டு எடுக்கத் தெரியாதோ?" என்று கத்துவாள். அடுப்படியில் நிற்கும் மாமி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லுவார்:

"விடு பிள்ளை, அவருக்குச் சிஸ்டம் உரிமை இருக்கு."