உட்காரக் கூடாத சோபா

மனிதர்களில் ஒரு வகை உண்டு: வருகிறவர்களுக்காக வீடு வைத்திருப்பவர்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இவர்களை அடையாளம் கண்டுவிடலாம். முன்கூடத்தில் எல்லாம் இருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டார். சோபா இருக்கும், சோபாவின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கும், அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதன் மேல் ஒரு டர்க்கித் துண்டு இருக்கும். ரேடியோ பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். கண்ணாடி அலமாரியில் இதுவரை ஒரு சொட்டு காபியைக்கூடப் பார்த்திராத கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கும். குடும்பம் எங்கே என்கிறீர்களா? அடுக்களையில், முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கும்.

எனக்கு நன்றாகத் தெரிந்தவர் துளசிராமன். காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். வீடு திருவள்ளூரில், ரயிலடிக்குப் பின்னால். எழுபதுகளின் நடுவில் அவரை ஃபோர்மேன் ஆக்கினார்கள். பதவி வந்த கையோடு, தம் வீடு ஃபோர்மேன் வீடு மாதிரி இல்லையே என்ற கவலையும் வந்துவிட்டது. ஃபோர்மேன் வீடு எப்படி இருக்க வேண்டும்? அது அவருக்கும் தெரியாது. ஆகவே போன இடத்திலெல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார். மேனேஜர் சுப்பராயன் வீட்டில் பார்த்த சோபா, ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு ஜன்னல் திரை, பல் டாக்டரிடம் வாயைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தபோது பார்த்த டீப்பாய். அந்த டீப்பாயின் மேல் கிழிந்த வாரப் பத்திரிகைகளைக்கூட அதே மாதிரி விசிறி போல அடுக்கி வைத்தார். மனைவி கோவிந்தம்மாவைக் கேட்டிருந்தால் ஒரு கட்டில் போதும் என்றிருப்பாள். கேட்கவில்லை.

சோபா செய்த ஆசாரி ராஜமாணிக்கம், வீட்டில் யார் யார் உட்காருவார்கள், கால் தரையில் படவேண்டுமே, எவ்வளவு உயரம் வைக்கட்டும் என்று கேட்டார். துளசிராமன் கொஞ்சமும் யோசிக்காமல், மேனேஜர் நல்ல உயரம், அதற்குத் தக்கபடி வைத்துவிடுங்கள் என்றார். சோபா வந்த அன்று கோவிந்தம்மா ஆசையாக ஏறி உட்கார்ந்தாள். இரண்டு காலும் அந்தரத்தில் ஆடின. உடனே எழுந்திருக்கச் சொல்லிவிட்டார்; ரெக்ஸின் மடிப்பு விழுந்துவிடுமாம்.

கோவிந்தம்மாவின் அப்பா முனிகிருஷ்ணன் திருப்பாச்சூரில் நெல் விளைவிக்கிறவர். அறுப்பு முடிந்ததும் புது அரிசி மூட்டையோடு மகள் வீட்டுக்கு வருவார், இரண்டு நாள் தங்குவார். அந்த வருஷமும் வந்தார். வேட்டியில் வண்டி மை ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை மரியாதையாகவே வரவேற்று, மரியாதையாகவே அவரைச் சோபாவைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்கு அழைத்துப் போய்ப் பாய் போட்டார். கிழவர் பாயில் உட்கார்ந்துகொண்டு கூடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்:

"ஏன் மாப்ளே, அது யாரு ஊட்டு சோபா? எப்போ வந்து எடுத்துக்கினு போவாங்க?"

துளசிராமனுக்கு முகம் சிறுத்துவிட்டது. கிழவர் அன்று மாலையே கிளம்பினார். அடுத்த முறை மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு, வாசலைத் தாண்டி உள்ளே வராமலே போய்விட்டார். அரிசியை அளந்து பானையில் கொட்டும்போது கோவிந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேனேஜர் வந்தாரா என்றுதானே கேட்கிறீர்கள்? வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. துளசிராமன் பாய்ந்து போய்த் துண்டை உருவினார், பிளாஸ்டிக்கை உருவினார், கோப்பைகளைக் கழுவச் சொன்னார், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார். நாளைக்கு முதல் ஷிப்டுக்கே வந்துவிடும்படி சொல்லிவிட்டு மேனேஜர் திரும்பிப் போனார். வண்டியை அணைக்கவே இல்லை.

துளசிராமன் உள்ளே வந்து, உருவிய பிளாஸ்டிக்கைத் திரும்ப மாட்டினார். இன்னொரு நாள் வராமலா போய்விடுவார்?

வந்தது ஐப்பசி மழைதான். பின்கட்டில் ஓடு ஒழுகியது, அடுக்களைத் தரை ஓதம் கோத்துக்கொண்டது. அந்த ஈரத்திலேயே படுத்துப் படுத்துக் கோவிந்தம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. கஷாயம் குடித்துவிட்டு உள்ளே படு என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போனார். எந்த உள்ளே என்பதை அவரும் யோசிக்கவில்லை.

அன்று கரண்ட் கட். மதியமே மிஷின்கள் நின்றுபோக, நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். கதவைத் தள்ளினால், சோபாவில் கோவிந்தம்மா. பிளாஸ்டிக் உறை மடித்து மூலையில் கிடந்தது. ஜன்னல் திரையைக் கழற்றிக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைப்பானேன். வாயைக்கூடத் திறந்துவிட்டார். அதற்குள் அவள் அரைத்தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரையைச் சுருட்டத் தொடங்கினாள்.

"யார்னா வந்துகிறாங்களா? தோ, எயிந்துட்டேன்."

நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. துளசிராமன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். மழையைத் தவிர அங்கே யாரும் இல்லை.

"யாரும் வரல. நான்தான். நீ படுத்துக்க."

அவள் நம்பாமல் அவரைப் பார்த்தாள். அவர் அந்தத் திரையை வாங்கி அவளுக்குப் போர்த்திவிட்டார். எதிரே, சோபாவுக்கு ஜோடியாகச் செய்த நாற்காலியின் மேலிருந்த துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு, நனைந்த உடுப்போடே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தம் கூடத்தில் உட்கார்ந்து அவர் அதைப் பார்த்தது அன்றுதான். ஜன்னல் வழியே முருங்கை மரம் தெரிந்தது. இந்த வீட்டிலிருந்து இப்படி ஒரு மரம் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது.

மழை விட்டதும் திருப்பாச்சூருக்குப் போய் மாமனாரை அழைத்து வந்தார். கிழவர் பழக்கதோஷத்தில் பின்கட்டுக்கு நடந்தார். மாப்பிள்ளை கையைப் பிடித்து நிறுத்திச் சோபாவில் உட்கார வைத்தார். கிழவர் ஓரமாக ஒண்டினார், பிறகு சாய்ந்தார், பிறகு வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டார். ரெக்ஸினில் மடிப்பு விழுந்தது. வீடு இடிந்துவிடவில்லை.

ஆக, துளசிராமன் இந்த வகையை விட்டு வெளியேறிவிட்டார். ஆனால் வகை அழிந்துவிடவில்லை. நம்முடைய ஊர்களில் நன்றாகத்தான் பெருகிவருகிறது. நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும். சும்மா ஒன்றே ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். வீட்டில் அத்தனை நல்ல நாற்காலிகள் இருக்க, இதை எங்கே உட்கார்ந்து படித்தீர்கள்?