சுவருக்கு ஒரு பாராட்டு விழா

உலக டென்னிஸின் உச்சிக்கு ஏற ஒரு மட்டை வேண்டும், ஒரு பந்து வேண்டும், ஆடுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று விவரம் தெரியாதவர்கள் சொல்லுவார்கள். இவையெல்லாம் சில்லறைச் சாமான்கள். முதலில் வேண்டியது ஒரு விளையாட்டுக் குடும்பம். அந்த இலக்கணத்துக்கு முழுவதும் பொருந்துகிற குடும்பம் இந்தியாவில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது தென்காசியில் இருக்கிறது. அதன் தலைவர் முகம்மது ரபீக் ஆகிய நான்.

என்னைத் தலைவராக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அச்சடிக்கும்போது நானே போட்டுக்கொண்டேன்.

எங்கள் பாரம்பரியத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் கபடி அணியோடு இருந்தேன். ஆடுகிறவர்களின் சட்டை, செருப்பு, வாட்ச் எல்லாம் என் பொறுப்பு. நான் இருந்தவரை ஒற்றைச் செருப்புகூடக் காணாமல் போனதில்லை. என் தங்கை சாஜிதாவின் மாப்பிள்ளை மூசா ஷார்ஜாவில் இருக்கிறார். அங்கே அவர் தங்கியிருக்கும் கட்டடத்தில் நடந்த கேரம் போட்டியின் கடைசி ஆட்டத்தில் சிவப்புக் காயைப் போட்டவர் அவர். அதற்கு அடுத்த காயையும் போட்டிருந்தால் ஜெயித்திருப்பார். சாஜிதாவும் படிக்கும் காலத்தில் ஓட்டப்பந்தயம் எதில் ஓடினாலும் முதலாவதாக வருவாள் என்று சொல்லுவார்கள். அது வெறும் ஓட்டம்தானே என்று பாரம்பரியத்தில் நாங்கள் சேர்ப்பதில்லை.

இப்பேர்ப்பட்ட வம்சத்தில் வந்தவள் சாஜிதாவின் மகள் சஃப்ரின். வயது பதினைந்து. அவளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் ஜெபமலர். ஆனால் பள்ளிக்கூடத்து மைதானம் மண் தரை. சாரல் தொடங்கிவிட்டால் அதில் நாற்று நடலாம், டென்னிஸ் ஆட முடியாது. அதனால் விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் சாஜிதா மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஐந்தருவி ரோட்டுக்குப் போவாள். அங்கே தங்கசாமி அண்ணாச்சியின் சிப்ஸ் குடோன் இருக்கிறது. குடோனின் பின்சுவர் உயரமானது, முன்னால் சிமெண்டுத் தளம். மகள் சுவரில் அடிப்பாள். சுவரைத் தாண்டிப் போகும் பந்து, குடோனுக்கு அந்தப் பக்கம் அடுக்கியிருக்கும் நேந்திரங்காய்த் தார்களுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சாஜிதா சுற்றிக்கொண்டு ஓடிப்போய் எடுத்து வருவாள்.

இதெல்லாம் அடிமட்ட வேலை. மேல்மட்ட வேலையைக் குடும்பம் பார்த்துக்கொண்டது. மதுரையில் மாநிலப் போட்டி என்று தேதி அறிவித்த அன்றே உயர்மட்டக் குழுவைக் கூட்டினேன். மூசா போனில் முகம் காட்டினார். சஃப்ரின் 'சிறப்பு அழைப்பாளராக' உட்கார வைக்கப்பட்டாள்.

"ஏம்மா, டிவில ஆடுதவங்கள்லாம் அடிக்கும்போது கத்துதாங்கள்லா? நீ ஏன் கத்த மாட்டேங்க?" என்று மூசா தொடங்கினார்.

"கத்துனா பந்து கோட்டுக்குள்ள விழுமா வாப்பா?"

"அது எனக்குத் தெரியாது. கத்துனாத்தான் கேமராக்காரன் திரும்பிப் பாப்பான்."

கத்துவது என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அடுத்து, வெளிநாட்டில் அவள் இறுதி ஆட்டம் ஆடும்போது குடும்பத்தார் எந்த வரிசையில் உட்காருவது என்ற முக்கியப் பிரச்சினை.

"எனக்கு ஓரத்துச் சீட்டு மச்சான்" என்றார் மூசா. "வெயிலு படாத பக்கமாப் பாத்துச் சொல்லிரும்."

அடுப்பங்கரையிலிருந்து சாஜிதாவின் குரல் வந்தது. "அண்ணே, பந்து எல்லாம் தேஞ்சு மொட்டையாப் போச்சு. புதுசு வாங்கணும்."

பந்து நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அன்றிலிருந்து பயிற்சி தீவிரமானது. பயிற்சி என்றால் ஜெயித்த பிறகு மைக்கில் பேசுவதற்கான பயிற்சி. உரையை நானே எழுதினேன். மைக்குக்குப் பதில் குழம்புக் கரண்டி. 'என் வெற்றிக்கு முதற்காரணம் என் அன்பு மாமா முகம்மது ரபீக் அவர்கள்' என்று அது தொடங்கும்.

"பெத்த வாப்பா நான் ரெண்டாவதா வே?" என்று ஷார்ஜாவிலிருந்து ஆட்சேபம் வந்தது.

"அகர வரிசை மச்சான். நான் என்ன செய்ய?"

"அப்ப சாஜிதா பேருதான முன்னால வரும்?"

"வீட்டு ஆளுக்கு யாராவது நன்றி சொல்லுவாவளா?"

அதில் இருந்த நியாயத்தை அவர் ஒப்புக்கொண்டார். கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற சஃப்ரின் மட்டும் வாசலைப் பார்த்தாள்.

"மாமா, பேக்ஹேண்டு சரியா விழ மாட்டேங்கு. ஒரு மணி நேரம் செவத்துக்குப் போயிட்டு வந்துருதேன்."

"மொதல்ல நன்றியச் சரியாச் சொல்லு. பேக்ஹேண்டு எங்க ஓடிப் போயிரப்போவுது?"

மதுரைக்குக் குடும்பமாகப் போனோம். குற்றாலத்துச் சாரலில் பந்து தண்ணீர் குடித்து நனைந்த பஞ்சு மாதிரி கனக்கும். அதை அடித்துப் பழகிய கைக்கு மதுரை வெயிலில் பந்து இலவம்பஞ்சாகப் பறந்தது. இறுதி ஆட்டத்தின் முதல் செட் முழுக்க வெளியே போய் விழுந்தது. தோற்றாள். தீர்மானத்தை மதிக்காமல் அவள் ஒருமுறைகூடக் கத்தவில்லை என்பதால் அவள் சார்பில் நான் கத்தினேன். நடுவர் என்னை வெளியே போய் உட்காரச் சொன்னார். எனக்கு அது பழகிய இடம்தான். நான் வெளியேறியதும் அவள் பந்து உள்ளே விழ ஆரம்பித்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. மீதி இரண்டு செட்டையும் எடுத்து, சஃப்ரின் ஜெயித்துவிட்டாள்.

சென்னையில் பெரிய பயிற்சி மையம் நடத்துகிற ஒருவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களோடு வந்திருந்த ஜெபமலர் டீச்சரிடம் வந்தார். "ரெண்டு வாரத்துல சென்னைக்கு அனுப்புங்க. ஒரு தேர்வு வைப்போம். தேறிட்டாள்னா தங்க இடம், கோச்சிங், வெளிநாட்டுப் போட்டி எல்லாம் எங்க பொறுப்பு. ஆனா இந்த பேக்ஹேண்டோட வந்தா கஷ்டம். அதச் சரி பண்ணச் சொல்லுங்க."

அதாவது உச்சிக்குப் போகிற ஏணியின் முதல் படி. அதற்கு இருந்த தடை பேக்ஹேண்டு ஒன்றுதான். ஆனால் அதற்குள் உள்ளூர்ச் சேனல்காரர் மைக்கோடு வந்துவிட்டதால் என் கவனம் அங்கே போகவில்லை. தலையைச் சீவிக்கொண்டு சஃப்ரினுக்குப் பின்னால், படத்தில் முழுதாக விழுகிற மாதிரி நின்றேன்.

"இந்த வெற்றிக்கு யாரும்மா காரணம்?"

சஃப்ரின் மூச்சை இழுத்தாள். 'என் வெற்றிக்கு முதற்காரணம்' என்று என் வாய் தானாக முணுமுணுத்தது.

"செவரு" என்றாள்.

"எந்தச் செவரு?"

"ஐந்தருவி ரோட்டுல தங்கசாமி அண்ணாச்சி குடோன் செவரு. நான் எப்படி அடிச்சாலும் திருப்பிக் குடுத்துச்சு. தாண்டிப் போனத உம்மா எடுத்துட்டு வந்தா. ரெண்டு பேரும் எனக்கு ஒரு அட்வைஸ் சொன்னதில்ல."

வேறு குடும்பமாக இருந்தால் உடைந்து போயிருக்கும். நாங்கள் அன்று மாலையே அவசரக் கூட்டம் போட்டோம்.

"செவருதான் காரணம்னா, அந்தச் செவரக் கண்டுபிடிச்சது யாரு மச்சான்?" என்றார் மூசா.

"சாஜிதா."

மூசா கூலிங்கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அத விடும்" என்றேன். "செவருக்கு ஒரு பாராட்டு விழா எடுத்துருவோம். செவருக்குன்னு ஒரு குடும்பம் விழா எடுத்ததா எங்கயாவது கேட்டிருக்கீரா? ஐந்தருவிக்குக் குளிக்க வாரவனெல்லாம் இதையும் பாத்துட்டுப் போவான்."

தங்கசாமி அண்ணாச்சிக்குத்தான் ஒரு சின்ன வருத்தம். "செவத்துக்குப் பொன்னாடையா? எனக்கு இல்லியாடே?"

"உங்க செவரும் நீங்களும் வேறயா அண்ணாச்சி?"

"அப்ப ஓரமா நம்ம படத்தையும் போட்டு, 'சுத்தமான தேங்காய் எண்ணெயில் பொரித்தது'ன்னு ஒரு வரி சேத்துரு."

விழா சிறப்பாக நடந்தது. சுவரின் நீள அகலத்துக்கு என் கடையிலேயே பிளக்ஸ் அடித்து, சட்டத்தில் கம்பியால் இழுத்துக் கட்டி, சுவர் முழுவதையும் மூடிவிட்டோம். இடப்பக்கம் போனைக் காதில் வைத்தபடி நாட்டைப் பற்றி யோசிக்கும் நான். வலப்பக்கம் கூலிங்கிளாஸில் மூசா. நடுவில் கைகூப்பும் அண்ணாச்சி. கீழ்மூலையில் தபால்தலை அளவில் சஃப்ரின். சாஜிதாவின் படத்தைப் போட இடமில்லை. சுவரின் படத்தையும் போடவில்லை, அதுதான் பின்னாலேயே இருக்கிறதே!

மறுநாள் காலை, காற்றில் என் முகம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர் வந்து நின்றது. சஃப்ரின் மட்டையோடு இறங்கி, பிளக்ஸை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமா, இத எப்ப எடுப்பீங்க?"

"என்னட்டி கேள்வி இது? ஒரு வருசத்துக்குச் சாயம் போவாது."

"சென்னைக்குப் போவ பத்து நாளுகூட இல்ல மாமா."

"அடிக்க வேண்டாம்னு யாரு சொன்னா? மூஞ்சில படாமப் பாத்து அடி."

அவள் மூஞ்சி இல்லாத இடத்தைத் தேடினாள். அப்படி ஓர் இடத்தை நான் விட்டு வைக்கவில்லை.

"அடிட்டி" என்றாள் சாஜிதா.

பந்து என் நெற்றியில் பட்டது. தொப்பென்று ஒரு சத்தம். அப்படியே என் மூக்கு வழியாக வழுக்கி, காலடியில் விழுந்து செத்துப்போனது. இன்னொன்று மூசாவின் கூலிங்கிளாஸில். அதுவும் செத்தது. அண்ணாச்சியின் வயிற்றில் பட்டது மட்டும் ஒரு சாண் திரும்பி வந்தது.

சஃப்ரின் மட்டையைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள். முதல் செட்டைத் தோற்றபோதுகூட அவள் முகம் அப்படி ஆகவில்லை. அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் உறைத்தது.

சாஜிதா பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். "பாத்தியா அண்ணே? எங்கன அடிச்சாலும் ஒண்ணும் திரும்பி வரமாட்டேங்கு. செவரு பூரா உங்க மூஞ்சிதான இருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து கட்டிங் பிளேயரை எடுத்து என் கையில் கொடுத்தாள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்திருக்கிறாள்.

ஏணி போட்டு ஏறினேன். கம்பிகளை ஒவ்வொன்றாக நறுக்கினேன். பிளக்ஸ் சரிந்து விழுந்ததும் நான்காக மடித்தேன். மடிப்பில் என் மூக்கு மேலே நின்றது. அதன் மேல் ஒரு செங்கல்லை வைத்தேன்.

எனக்குப் பின்னால் பந்து சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் கேட்டது. டக். டக். டக். பேக்ஹேண்டு. ஒன்று தாண்டிப் போனது. சாஜிதா ஓடினாள். அவள் ஓடுவதை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். பாரம்பரியத்தில் சேர்த்திருக்கலாம்.

சஃப்ரின் உலக டென்னிஸின் உச்சிக்கு ஏற எங்கள் விளையாட்டுக் குடும்பம் இதுவரை செய்திருக்கும் உதவிகள் அனைத்தையும் கீழே தருகிறேன்:

நான் சுவரிலிருந்து இறங்கினேன்.